பொச்சாப்பு: ஊவாவின் கோப்பி வரலாறு உணர்த்தும் ஒரு சொற்பொருள்

ஆங்கில மொழியில் 'கொம்பிளேசன்ற்' என்றொரு பெயரடை உண்டு. தன் நிலையிலும் தன் செய்கையிலும் நிறைவுற்று, அந்நிறைவின் மயக்கத்தால் வரவிருக்கும் கேட்டினைக் காணாதிருப்பவனை அது சுட்டும். அதனோடு ஒருங்கு வைத்து எண்ணத்தக்க 'ஸ்மக்' என்னும் பெயரடை, அந்நிறைவு முகத்திலும் பேச்சிலும் வெளிப்பட்டுப் பிறர்க்கு வெறுப்பூட்டும் நிலையைச் சுட்டும். மொழிபெயர்ப்பில் ஈடுபடுவோர் இவ்விரு சொற்களையும் எதிர்கொள்ளும்போது இடர்ப்படுவதுண்டு. 'மனநிறைவுடைய' எனின் பழிப்புப் பொருள் நீங்கிவிடுகின்றது. 'செருக்குடைய' எனின் பொருள் மிகைபட்டுவிடுகின்றது. 'மெத்தனமான' எனின் மந்தமும் அசட்டையும் தோன்றுமேயன்றி, அவற்றுக்குக் காரணமான தன்னிறைவு தோன்றுவதில்லை.

ஒரு சொல்லின் பொருளை அகராதி வரையறுக்கும்; அதன் விளைவை வரலாறே காட்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இலங்கையின் மலைநாட்டிலே, சிறப்பாக ஊவாவிலே, கோப்பிச் செய்கைக்கு நேர்ந்த கதி மேற்கூறிய பெயரடைக்கு எழுதப்பட்ட ஓர் உரைபோல அமைந்துள்ளது. தன்னிறைவு எவ்வாறு தோன்றுகின்றது, எதனைக் காணாது விடுகின்றது, அதன் விலையை யார் கொடுக்கின்றனர் என்னும் மூன்று வினாக்களுக்கும் அங்கே விடை உண்டு. அவ்விடையைக் காணுமுன் சொல்லின் வரலாற்றைச் சுருக்கமாக நோக்குதல் பொருத்தமானது.

சொல்லின் பிறப்பும் பொருட்பெயர்ச்சியும்

'கொம்பிளேசன்ற்' என்பது மகிழ்வித்தல் என்னும் பொருளுடைய இலத்தீன் வினையடியிலிருந்து தோன்றியது. பதினேழாம் நூற்றாண்டில் அது ஆங்கிலத்தில் வழங்கத் தொடங்கியபோது 'இன்பம் தருகின்ற' என்னும் நற்பொருளையே கொண்டிருந்தது. பிறரை மகிழ்வித்தலைக் குறித்த அச்சொல் பதினெட்டாம் நூற்றாண்டிலே தன்னைக் கண்டு தானே மகிழ்தலைக் குறிக்கலாயிற்று. அதே இலத்தீன் அடியிலிருந்து பிரெஞ்சு மொழி வழியாக வந்து, ஒலியில் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும் மற்றொரு பெயரடை, பிறர் விருப்பத்திற்கு இணங்கி நடத்தலை இன்றும் குறித்து நிற்கின்றது. ஒரே அடியிலிருந்து பிறந்த இரு சொற்களுள் ஒன்று பிறரை நோக்கிற்று. மற்றையது தன்னையே நோக்கித் திரும்பிற்று.

'ஸ்மக்' என்னும் சொல்லின் வரலாறும் இத்தகையதே. அழகிய என்னும் பொருளுடைய ஒரு கீழ் ஜேர்மானியச் சொல்லோடு தொடர்புடையதாகக் கருதப்படும் இது, பதினாறாம் நூற்றாண்டில் 'நேர்த்தியான', 'செப்பமாக உடுத்த' என்னும் பொருள்களைத் தந்தது. ஷேக்ஸ்பியர் தம் நாடகங்களில் மணமகனுக்கும் ஆற்றுக்கும் இதனை அடையாக்கியுள்ளார். பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கம் முதலாகவே 'தன் நேர்த்தியைத் தானே வியக்கின்ற' என்னும் இன்றைய பொருள் தலைதூக்கிற்று. புறத்தேயுள்ள செப்பம் அகத்தேயுள்ள இறுமாப்பாக மாறிய வரலாறு இது. செப்பமாகத் தோன்றும் ஒன்றே தன்னிறைவுக்கு வித்திடுகின்றது என்பதனை இச்சொல்லின் பொருட்பெயர்ச்சி தன்னுள் அடக்கி வைத்துள்ளது.

தமிழில் இதற்கு நேர்ச்சொல் யாது? செருக்கு, தருக்கு, இறுமாப்பு, அகந்தை, மமதை எனப் பல சொற்கள் நம் மொழியில் உள. இவை யாவும் தன்னை உயர்த்திப் பிறரைத் தாழ்வாகக் கருதும் நிலையையே பெரிதும் உணர்த்துவன. தன்னிறைவால் விளையும் மறதியை உணர்த்தும் சொல்லொன்றைத் திருக்குறள் பாதுகாத்து வைத்துள்ளது. அது 'பொச்சாப்பு' என்பதாகும். பொருட்பாலின்கண் அமைந்த ஐம்பத்து நான்காம் அதிகாரமாகிய 'பொச்சாவாமை' முழுவதும் இதனைப் பற்றியதே. அளவிறந்த சினத்திலும் பார்க்க மிகுந்த உவகைக் களிப்பில் வரும் சோர்வு தீயது என்பது அவ்வதிகாரத்தின் தொடக்கக் கருத்து. உருவும் செல்வமும் ஆற்றலும் முதலியவற்றால் மகிழ்ந்து, தன்னைக் காத்தல் முதலிய கருமங்களை மறத்தலே பொச்சாப்பு என்பது பரிமேலழகர் உரையாற் பெறப்படுகின்றது. இலத்தீன் அடியின் 'மகிழ்தல்' என்னும் கருவும், ஆங்கிலப் பெயரடையின் 'காணாதிருத்தல்' என்னும் விளைவும் இவ்விளக்கத்தில் ஒருங்கே அமைந்திருத்தல் மனங்கொள்ளத்தக்கது. பொச்சாப்பு வெறும் மறதியன்று. மகிழ்ச்சி பெற்றெடுத்த மறதி. இன்று வழக்கிழந்துவிட்ட இச்சொல்லே 'கொம்பிளேசன்ற்' என்பதன் உட்பொருளுக்கு மிக அண்மையில் நிற்பது எனலாம்.

ஊவாவும் கோப்பியும்

எல்லப் பிரதேசத்தின் நிலவமைப்பு இவ்வரலாற்றுக்கு ஏற்ற முன்னுரையாக அமைகின்றது. மலைத்தொடர் திடீரெனப் பிளவுபட்டுத் தென்புறச் சமவெளி கண்ணுக்கெட்டிய தூரம் விரியும் கணவாயாக எல்ல விளங்குகின்றது. அங்குள்ள நீர்வீழ்ச்சியையும் குகையையும் மக்கள் இராவணனோடு தொடர்புபடுத்திக் கூறுவர். வீரத்திலும் கலையிலும் குறைவில்லாத ஓர் அரசன், உடன்பிறந்தார் உரைத்த எச்சரிக்கையைச் செவிமடுக்காமையாற் கெட்டான் என்பதே இராமகாதை அவனைப் பற்றி உரைப்பது. எல்லவிலிருந்து கிழக்கே நோக்கின் நமுனுகுல மலை உயர்ந்து தோன்றும். அதற்கு அப்பாற் பசறை. பசறைக்கும் கிழக்கே மடுல்சீமை. ஊவாவின் கோப்பி வரலாற்றில் மறக்கவொண்ணாத பெயர் மடுல்சீமை என்பதாகும்.

1815 ஆம் ஆண்டிற் கண்டி இராச்சியம் பிரித்தானியர் வசமாயிற்று. 1817, 1818 ஆம் ஆண்டுகளில் ஊவாவிலும் வெல்லஸ்ஸவிலும் எழுந்த கிளர்ச்சி கொடிய முறையில் அடக்கப்பட்டது. வயல்களும் குளங்களும் குடியிருப்புகளும் அழிக்கப்பட்ட அப்பிரதேசம் நெடுங்காலம் மீட்சி பெறவில்லை. 1840 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், உரித்து நிரூபிக்கப்படாத காடுகளையும் தரிசு நிலங்களையும் முடிக்குரியனவாகக் கொள்ள வழிவகுத்தது. அவ்வாறு பெறப்பட்ட காடுகள் தோட்டக்காரருக்கு விற்கப்பட்டன. கம்பளை, கண்டி, மாத்தளைப் பகுதிகளில் முன்னரே வேரூன்றியிருந்த கோப்பி, பதுளை, அப்புத்தளை, பசறை, மடுல்சீமை ஆகிய மலைகளிலும் பரவியது. ஊவா அந்நாளில் மத்திய மாகாணத்தின் ஒரு பகுதியாகவே இருந்தது. அது தனி மாகாணமாக்கப்பட்டது 1886 ஆம் ஆண்டிலேயாகும்.

இம்மலைகளைச் சீர்செய்தவர்கள் தென்னிந்தியாவின் தமிழ் மாவட்டங்களிலிருந்து வந்த தொழிலாளர்களாவர். கங்காணிமாரின் தலைமையிற் கூட்டங்கூட்டமாக மன்னார்க் கரையில் இறங்கி, வன்னிக் காட்டினூடே மாத்தளை வரை நடந்து, அங்கிருந்து தோட்டங்களுக்குப் பிரிந்து சென்றனர். ஊவாவை அடையவேண்டியோர்க்கு அவ்வழிப்பயணம் மேலும் நீண்டது. பசியாலும் வாந்திபேதியாலும் வழியிலே மாண்டோர் பலர். கோப்பி பழுக்கும் காலத்தில் வந்து, பறிப்பு முடிந்தபின் ஊர் திரும்புவதே அந்நாளில் அவர்களிற் பெரும்பாலார் வழக்கமாயிருந்தது.

1854 ஆம் ஆண்டிற் கண்டியில் நிறுவப்பட்ட தோட்டத்துரைமார் சங்கம் ஆட்சியாளரின் செவியை எட்டும் வலிமை பெற்றிருந்தது. கோப்பியின் பொருட்டே 1867 ஆம் ஆண்டிற் கண்டிக்குப் புகையிரதப் பாதை அமைந்தது. 1870 ஆம் ஆண்டளவில் இலங்கை ஏற்றுமதி செய்த கோப்பி ஏறக்குறைய 10 கோடி இறாத்தலாகும். ஒரு சிறு தீவு உலகின் முன்னணிக் கோப்பி நாடுகளுள் ஒன்றாயிற்று. நிரை நிரையாக நடப்பட்டு, ஒரே உயரத்துக்குக் கவ்வாத்து வெட்டப்பட்டு, களை காணாத வண்ணம் பேணப்பட்ட மலைச்சரிவுகள் அவற்றின் உரிமையாளருக்குப் பெருமிதம் ஊட்டின. 'ஸ்மக்' என்னும் சொல்லின் பழம்பொருளாகிய செப்பம் மலைகளிலும், புதுப்பொருளாகிய தன்னிறைவு பங்களாக்களிலும் ஒருங்கே குடிகொண்டிருந்த காலம் அது.

1869: எச்சரிக்கையும் அதன் வரவேற்பும்

1869 ஆம் ஆண்டில் மடுல்சீமைத் தோட்டமொன்றிற் கோப்பி இலைகளின் அடிப்புறத்திற் செம்மஞ்சள் நிறத் தூள் படிந்த புள்ளிகள் காணப்பட்டன. நோயுற்ற இலைகள் பேராதனைத் தாவரவியற் பூங்காவின் தலைவராயிருந்த துவைற்ஸ் அவர்களுக்கு அனுப்பப்பட்டன. அவர் அவற்றை இங்கிலாந்திலே பங்கசு ஆராய்ச்சியிற் பெயர்பெற்ற பேர்க்லி பாதிரியாருக்கு அனுப்பினார். பேர்க்லியும் அவருடன் ஆராய்ந்த புரூமும் இது முன்னர் அறியப்படாத பங்கசு இனம் எனக் கண்டு, அவ்வாண்டிலேயே 'கார்டினர்ஸ் குரோனிக்கிள்' என்னும் ஏட்டில் அதனை விவரித்தனர். அவர்கள் இட்ட பெயர் 'ஹெமிலியா வஸ்தாட்றிக்ஸ்' என்பதாகும். முதற்சொல் அதன் வித்திகள் ஒரு பாதி வழவழப்பாயிருத்தலைக் குறிக்கும். இரண்டாவது சொல்லுக்குப் 'பாழ்படுத்துபவள்' என்று பொருள். நோய் கண்ட ஆண்டிலேயே அதன் தன்மையைப் பெயரே பறைசாற்றிற்று. எச்சரிக்கை தாமதித்து வந்தது என்று எவரும் கூறவியலாது.

ஓரிரு ஆண்டுகளில் நோய் மலைநாட்டின் கோப்பி நிலங்களிற் பெரும்பாலானவற்றுக்குப் பரவியது. எனினும் தோட்டக்காரரிற் பலர் அதனைப் பெரிதாகக் கருதவில்லை. இதற்கு நோயின் இயல்பும் ஒரு காரணமாயிற்று. இந்நோய் மரத்தை உடனே கொல்வதில்லை. இலைகள் உதிரும்; சில வாரங்களிற் புதிய தளிர்கள் தோன்றும்; மரம் முன்போலப் பசுமையாக நிற்கும். ஆனால் இலைகளை மீள ஆக்குவதிற் செலவான ஆற்றல் காய்களுக்குக் கிட்டுவதில்லை. இவ்வாறு ஒவ்வோர் உதிர்வின் பின்னும் மரம் சிறிது சிறிதாக நலிந்தது. பார்வைக்குப் பசுமை, கணக்கில் நலிவு. கண்ணுக்குத் தெரிந்த பசுமையையே தோட்டக்காரர் நம்பினர். மழையின் குற்றம், காற்றின் குற்றம், எருக் குறைவு எனக் காரணங்கள் கூறப்பட்டன. நல்ல பராமரிப்பினால் நோய் தானே நீங்கும் என்னும் நம்பிக்கை பரவலாயிருந்தது.

பொச்சாப்புக்கு இதனினும் வலிய காரணம் சந்தையில் இருந்தது. 1870களில் ஐரோப்பியச் சந்தையிற் கோப்பியின் விலை உயர்ந்தது. நோய்க்கு முன் ஏக்கரொன்றுக்குச் சராசரி நாலரை அந்தரளவில் இருந்த விளைச்சல், அத்தசாப்தத்தின் முடிவில் ஏறக்குறைய இரண்டு அந்தராகக் குறைந்தது. ஆயினும் விலை உயர்ந்தமையால் வருமானத்தில் அக்குறைவு தோன்றவில்லை. விளைச்சற் குறைவை விலையுயர்வு மறைத்தது. கணக்கேட்டின் இறுதி வரியை மட்டும் நோக்கியவருக்கு யாவும் செவ்வனே நடப்பதாகத் தோன்றிற்று. ஏக்கருக்குரிய விளைவை நோக்கியவருக்கே உண்மை புலப்பட்டிருக்கும்.

அம்மயக்கத்தின் விளைவாக, நோயுற்ற பயிரின் பரப்பு சுருங்குவதற்குப் பதிலாக விரிந்தது. திம்புலை, டிக்கோயா ஆகிய உயர்மலைக் காடுகள் வெட்டப்பட்டுப் புதிய கோப்பித் தோட்டங்கள் திறக்கப்பட்டன. 1878 ஆம் ஆண்டளவிற் கோப்பிச் செய்கையின் பரப்பு 275,000 ஏக்கரை எட்டியது. அதாவது, நோய் கண்டுபிடிக்கப்பட்டு ஒன்பது ஆண்டுகள் கழிந்தபின்னரே கோப்பி தன் பரப்பின் உச்சத்தை அடைந்தது. புதிய தோட்டங்களுக்கான முதலிற் பெரும்பகுதி எதிர்கால விளைவை ஈடாக வைத்துப் பெற்ற கடனாகும். வீழ்ந்துகொண்டிருக்கும் பயிரின் மீது எழுப்பப்பட்ட கடன்மாளிகையே 1870களின் செழிப்பு எனலாம்.

கும்மியும் மௌனமும்

நோய் கண்ட அதே 1869 ஆம் ஆண்டிலே தமிழில் வெளிவந்த நூலொன்று ஈண்டுக் குறிப்பிடத்தக்கது. ஆபிரகாம் ஜோசப் என்பார் இயற்றிய 'கோப்பிக் கிருஷிக் கும்மி' மலையகத் தமிழ் இலக்கிய வரலாற்றிலே முதல் நூல்களுள் ஒன்றாக வைத்தெண்ணப்படுவது. கோப்பிச் செய்கையின் முறைகளையும் சிறப்பையும் கும்மி வடிவிற் கூறும் இந்நூல், தோட்டத்துரைமாரின் முயற்சியைப் போற்றித் தொழிலாளரை உழைப்புக்கு ஊக்கும் நோக்குடையது. அதன் சொல்லும் சந்தமும் தமிழர்க்குரியன. அதன் நிறைவுணர்ச்சியோ தோட்ட நிருவாகத்துக்குரியது. மடுல்சீமையில் இலைகள் உதிரத் தொடங்கிய ஆண்டிலே கோப்பியின் பெருமையைக் கும்மியடித்துப் பாடும் நூல் எழுந்தமை தற்செயலேயாயினும், அக்காலத்தின் மனநிலையை அது நன்கு காட்டுகின்றது. தன்னிறைவு ஆளுவோரோடு நின்றுவிடுவதில்லை. தனக்கு வேண்டிய மொழியை ஆளப்படுவோரின் இலக்கியத்திலும் அது தேடிக்கொள்கின்றது.

தொழிலாளர் தாமே பாடிய வாய்மொழிப் பாடல்கள் இக்கும்மியின் நிறைவை அறியா. வழிநடையின் துயரும், கங்காணியின் கொடுமையும், ஊரை விட்டு வந்த ஏக்கமுமே அவற்றின் பொருள். இவ்விரு வகைப் பாடல்களையும் ஒருங்கு வைத்து நோக்குவோர்க்கு, ஒரே மலையிலே இரு வேறு உலகங்கள் இருந்தமை புலனாகும். 'திருப்தியுற்ற தொழிலாளர்' என்பது தோட்ட நிருவாகத்தின் வழக்கமான வருணனை. உண்மையில் அது தொழிலாளரைப் பற்றிய செய்தியன்று. வருணித்தவரின் திருப்தியைப் பற்றிய செய்தியாகும். தன்னிறைவுடையவன் தன் நிறைவையே பிறர் முகத்திலும் காண்கிறான்.

வீழ்ச்சியும் அதன் சுமையும்

1870களின் இறுதியில் நிலைமை மறைக்கவியலாததாயிற்று. பேராதனையில் துவைற்ஸுக்கு உதவியாளராயிருந்த டானியல் மொறிஸ் கந்தகமும் சுண்ணாம்பும் தூவிப் பார்த்தார். 1880 ஆம் ஆண்டில் இளம் தாவரவியலாளரான ஹரி மார்ஷல் வார்ட் இந்நோயை ஆராய வரவழைக்கப்பட்டார். பங்கசின் வித்திகள் காற்றிற் பரவுகின்றன, இலையின் மீதுள்ள நீர்த்துளியில் முளைக்கின்றன, இலைவாய்களினூடே உட்புகுகின்றன என அவர் நிறுவினார். உட்புகுந்தபின் மருந்து பயனளிக்காது. புகுமுன் காத்தலே வேண்டும். மலைக்கு மலை இடைவெளியின்றி ஒரே பயிரை நட்டமை பங்கசுக்கு எல்லையற்ற உணவாக அமைந்தமையையும் அவர் ஆய்வு உணர்த்திற்று. தோட்டக்காரர் பெருமை கொண்ட ஒழுங்கே நோய்க்குப் பாதையாயிற்று. செப்பமே கேடாயிற்று.

1880களின் முடிவிற் கோப்பி ஏற்றுமதி அதன் உச்ச அளவிற் பத்திலொரு பங்கினும் குறைந்துவிட்டது. 1884 ஆம் ஆண்டு மே மாதத்தில் ஓரியண்டல் வங்கி முறிவடைந்தது. அவ்வங்கியின் நாணயத்தாள்களுக்கு அரசாங்கம் பொறுப்பேற்பதாகத் தேசாதிபதி ஆர்தர் கோர்டன் அறிவித்தமையாலேயே பெருங்கலக்கம் ஓரளவு தவிர்க்கப்பட்டது. தோட்டங்கள் பல ஈடு வைத்தோர் கைக்கு மாறின, சில காடாயின. துரைமார் பலர் நாட்டை விட்டகன்றனர்.

வங்கித் தாளுக்குப் பொறுப்பேற்க அரசாங்கம் இருந்தது. தொழிலாளியின் கூலிக்குப் பொறுப்பேற்றவர் யார்? பல தோட்டங்களிற் கூலி மாதக்கணக்கில் நிலுவையாக நின்றது. தோட்டம் கைமாறுகையில் ஈட்டுக்காரரின் உரிமை முன்னின்றது. உழைத்தவரின் உரிமை பின்தள்ளப்பட்டது. இதனாலேயே கூலியைத் தோட்டத்தின் மீதான முதற்பொறுப்பாக்கும் சட்டம் 1884 ஆம் ஆண்டிற் கொண்டுவரப்பட்டது. 1889 ஆம் ஆண்டின் 13 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் கூலிக் கொடுப்பனவை மேலும் ஒழுங்குபடுத்த முனைந்தது. கூலி நின்றபோது கங்காணியிடம் பெற்ற முற்பணம் கடனாகப் பெருகியது. தொழிலாளியின் கடனைத் தீர்த்தால் அவனை விடுவிப்பதாகத் துரை எழுதிக்கொடுக்கும் 'துண்டு' முறை அவனை விலைப்பொருளாக்கிற்று. அம்முறை 1921 ஆம் ஆண்டுவரை நீடித்தது. கோப்பியின் செழிப்பிற் பங்கு பெறாதவன் அதன் வீழ்ச்சியிற் பெரும்பங்கு பெற்றான்.

ஒரு மறுப்பும் அதன் விடையும்

தோட்டக்காரரைத் தன்னிறைவு மயக்கமுற்றோர் எனல் முறையன்று என்று வாதிடுவோர் உளர். நோயைத் தடுக்கும் வழி அந்நாளில் அறியப்படவில்லை. பங்கசுகளுக்கு எதிரான போர்டோக் கலவை பிரான்சிற் பயன்படத் தொடங்கியதே 1885 ஆம் ஆண்டளவில்தான். விலை உயர்ந்திருக்கையிற் பயிரை விரிவாக்குதல் வணிக அறிவுக்கு ஏற்றதே என்பர். இவ்வாதத்தில் உண்மை உண்டு. கோப்பியைக் கொன்றது பங்கசேயன்றிப் பொச்சாப்பன்று. துவைற்ஸின் எச்சரிக்கையை அனைவரும் ஏற்றிருந்தாலும் மடுல்சீமைக் கோப்பி பிழைத்திருக்கும் எனக் கூறுதற்கில்லை.

எனினும் கேட்டின் தோற்றம் வேறு, கேட்டின் அளவு வேறு. நோயைத் தடுக்க வழியில்லாதிருக்கலாம். நோயுற்ற பயிரைக் கடன் பெற்று விரிவாக்காதிருக்க வழி இருந்தது. மாற்றுப் பயிரை முன்கூட்டியே நாட வழி இருந்தது. ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரையிற் தேயிலையைத் தோட்டப் பயிராக்கியது 1867 ஆம் ஆண்டில், அதாவது நோய் தோன்றுமுன். சிங்கோனாவும் முன்னரே அறிமுகமாகியிருந்தது. கூலியைக் காலந்தவறாது கொடுத்துவர வழி இருந்தது. இவை யாவும் நெருக்கடி கழுத்தை நெரித்தபின்னரே மேற்கொள்ளப்பட்டன. ஆகவே பங்கசு இயற்கையின் செயல். அதனாற் பயிர் அழிந்தது. பொச்சாப்பு மனிதர் செயல். அதனால் அவ்வழிவின் சுமை யார்மீது விழும் என்பது தீர்மானிக்கப்பட்டது. இடித்துரைப்போர் இல்லாத அரசன் பகைவர் இன்றியே கெடுவான் என்பது வள்ளுவர் கருத்து. இங்கோ இடித்துரைப்போர் இருந்தனர். கேளாதார் தாம் கெட்டதோடு கேட்கும் வாய்ப்பே இல்லாதாரையும் கெடுத்தனர்.

இத்துடன் ஒரு முரணையும் நோக்கலாம். கோப்பிக் காலத்திலேயே ஊவாவின் தோட்டக்காரர் புகையிரதப் பாதையை வேண்டி நின்றனர். பாதை நானு ஓயாவை 1885 இலும், அப்புத்தளையை 1893 இலும், பண்டாரவளையை 1894 இலும் அடைந்தது. எல்ல நிலையம் 1918 இல் திறக்கப்பட்டது. பதுளைக்குப் புகையிரதம் வந்தது 1924 ஆம் ஆண்டிலாகும். பாதை வந்தபோது கோப்பி இல்லை. இன்று பலரும் காண விழையும் ஒன்பது வளைவுப் பாலத்தின் மீது சென்றது தேயிலைப் பெட்டிகளே.

தொடரும் வரலாறு

தேயிலை ஆண்டு முழுதும் கொழுந்து தரும் பயிராதலின், அதற்கு நிலையான தொழிலாளர் வேண்டியிருந்தனர். பருவத்திற்கு வந்து சென்ற கூட்டம் லயங்களில் நிலைகொண்ட சமூகமாயிற்று. தனியாரான துரைமாரின் இடத்தை இலண்டனிற் பதிவுபெற்ற கம்பனிகள் பிடித்தன. 1890 ஆம் ஆண்டில் அப்புத்தளையின் தம்பேதன்னைத் தோட்டத்தைத் தோமஸ் லிப்ரன் வாங்கினார். ஊவாத் தேயிலையின் மணம் உலகச் சந்தையிற் புகழ் பெற்றது. புதிய பயிரோடு புதிய செழிப்பும், அதனோடு புதிய தன்னிறைவும் தோன்றின. நான்கு தலைமுறை உழைத்தோரின் குடியுரிமையை 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் கேள்விக்குள்ளாக்கிற்று. அவ்வநீதி இறுதியாகத் தீர்க்கப்பட 2003 ஆம் ஆண்டின் சட்டம்வரை காத்திருக்க நேர்ந்தது.

2014 ஆம் ஆண்டு ஒக்டோபர் 29 ஆம் நாட் காலை, பதுளை மாவட்டத்தின் கொஸ்லாந்தையைச் சேர்ந்த மீரியபெத்தைத் தோட்டத்தில் மண் சரிந்து லயங்களை மூடிற்று. அவ்விடம் அபாயமானது எனத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005 ஆம் ஆண்டிலும் 2011 ஆம் ஆண்டிலும் எச்சரித்திருந்தது. எச்சரிக்கை இருந்தது, சென்று வாழ்வதற்கு ஏற்ற மாற்று நிலமும் வீடும் உரிய வேளையில் இல்லை. 1869 இற்கும் 2014 இற்கும் இடையே ஏறக்குறைய ஒன்றரை நூற்றாண்டு கழிந்துள்ளது. ஒன்று பயிர்நோய், மற்றையது மண்சரிவு. ஆயினும் அறிந்தோர் உரைத்தமையும், பொறுப்புடையோர் காலந்தாழ்த்தியமையும், தொழிலாளர் விலை கொடுத்தமையும் இரண்டிற்கும் பொதுவாகும்.

முடிவாக, 'கொம்பிளேசன்ற்' என்னும் பெயரடையைத் தமிழாக்குவோர் அது ஒரு தனிமனிதக் குணத்தை மட்டும் குறிப்பதாகக் கொள்ளின் அதன் பொருளிற் பாதியை இழந்துவிடுவர். தன்னிறைவு ஒருவனுடைய உள்ளத்திலே தோன்றலாம். அதன் விளைவு பெரும்பாலும் மற்றொருவனுடைய வாழ்விலேயே விழுகின்றது. செருக்குடையவனைப் பிறர் எளிதில் அறிந்துகொள்வர். அவன் குரல் உயர்ந்தே ஒலிக்கும். பொச்சாப்புடையவனோ இனிமையாகப் பேசுவான், கணக்கைக் காட்டுவான், பசுமையான மலையைச் சுட்டுவான். ஊவாவின் மலைகள் இன்றும் கவ்வாத்து வெட்டப்பட்ட ஒழுங்கோடு காண்போரை மகிழ்விக்கின்றன. எல்லவுக்கு வருவோர் அவ்வழகிலே திளைக்கின்றனர். அழகை மகிழ்தல் குற்றமன்று. அம்மகிழ்ச்சியால் இலையின் அடிப்புறத்தைத் திருப்பிப் பாராதிருத்தலே பொச்சாப்பு ஆகும்.